பச்சைப் புள்ளி

நாகர்கோவிலில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயமேற்றி, ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுவேன். புற்றுநோய் கண்ட ஸ்லைடில் எங்கள் டாக்டர் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பார். அது அவருடைய பழக்கம். அப்படிப் புள்ளி வைத்த பழைய ஸ்லைடுகளை ஸ்கேன் செய்து காட்டித்தான் ஸ்கேனைப் பார்த்து நோய் சொல்லும் ஏஐ மிஷினுக்குப் புற்றுநோயை அடையாளம் காணப் பழக்கினார்கள்.

கடியப்பட்டணத்தில் மீன் விற்கும் என் சித்திக்குக் கன்னத்துக்குள் ஆறாத புண். அவளுடைய ஸ்லைடைப் பார்த்த மிஷின் ஒன்றுமில்லை என்றது. அப்படிப்பட்டவற்றை டாக்டர் கடைசியில்தான் பார்ப்பார்.

"மிஷினு என்ன சொல்லிச்சு மக்கா?" என்று சித்தி போனில் கேட்டாள். சொன்னேன். அன்றே மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள்.

டாக்டர் ஒருவழியாக அந்த ஸ்லைடை எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். மைக்ராஸ்கோப்பிலிருந்து அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு பச்சைப் பேனாவைத் திறந்து புள்ளி வைத்தார்.

எனக்கு என்னவோ உறைத்தது. அதே ஸ்லைடை மறுபடி ஸ்கேன் செய்து மிஷினுக்குக் கொடுத்தேன். உடனே புற்றுநோய் என்றது. அந்தச் சனியன் இத்தனை காலமும் சதையைப் பார்க்கவேயில்லை. மையைத்தான் பார்த்திருக்கிறது.

சாயங்காலம் சித்தி வீட்டுப் படியேறினேன்.

"வா மக்கா. நல்ல சேதி சொன்ன வாயிக்குன்னு ஒரு நெய்மீன விக்காம தனியா மாத்தி வச்சிருக்கேன்" என்றாள்.