குலுங்காத பெட்டி

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, படிக்கட்டு திரும்புகிற இடத்தில், என் சித்தி சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். இரண்டு உள்ளங்கைகளும் சுவரில். முதுகு மேஜை மாதிரி தட்டை. தலை கைகளுக்கு நடுவே தொங்குகிறது. பக்கத்துப் படியில் ஒரு நீலப் பெட்டி. பெட்டிக்குள் பதினொரு பேருடைய ரத்தம்.

குப்பை வைக்கக் கதவைத் திறந்த ஒருவர் பார்த்துவிட்டு, "யாரையாவது தேடறீங்களா?" என்கிறார்.

"என் முதுகைத்தான். காலையில எந்திரிக்கும்போது இருந்துச்சு" என்கிறது தொங்கும் தலை.

இந்த நிலைக்கு சித்தி வைத்திருக்கும் பேர் மூணாம்மாடி. மூன்றாம் மாடி கிளினிக்குக்குப் போகும் வழியில் செய்வதால் அந்தப் பேர். கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்து மேலே தூக்குவது முதியோர் இல்லம். கழுத்தை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் சாய்ப்பது சிவப்பு சிக்னல். "இன்னிக்கு ரெண்டு மூணாம்மாடி முடிச்சாச்சு, ஒரு முதியோர் இல்லம் பாக்கி" என்று அவள் போனில் சொல்வதைக் கேட்டு, ஒரு ஆள் வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார்.

தெருவில் அவளுக்குப் பேர் ரத்தக்காரம்மா. ஐந்து கிளினிக், ஒரு முதியோர் இல்லம். அங்கெல்லாம் எடுத்து வைத்திருக்கும் ரத்தக் குழாய்களை சைக்கிளில் போய் வாங்கி, மேட்டுத் தெருவில் இருக்கும் பெரிய லேபில் சேர்ப்பது வேலை. ஒரு நாளைக்கு இரண்டு சுற்று, இருபத்திரண்டு கிலோமீட்டர். வயது நாற்பத்தேழு. கேட்டால், "சைக்கிளுக்கு ஒம்பது, எனக்கு அதவிடக் கொஞ்சம் கூட" என்பாள். நான் லேபுக்கு எதிர்க் கடையில் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். படிப்பும் நானும் பத்தாம் வகுப்பில் மரியாதையாகப் பிரிந்துவிட்டோம். அதனால் சித்தி வருவதையும் போவதையும் கண்ணாடி வழியாகப் பார்க்க எனக்கு நிறைய நேரம் இருக்கிறது.

ரத்தத்துக்கு ஒரு குணம் உண்டு. குலுக்கினால் உடைந்துவிடும். லேபில் மெஷினில் போட்டுச் சுற்றும்போது, மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவந்துபோய் நிற்கும். அப்படி நின்றால் குழாயில் 'திரும்ப எடு' என்று சீட்டு ஒட்டுவார்கள். வெறும் வயிற்றோடு வந்து ஊசி குத்திக்கொண்டு போன ஆள், மறுபடி வெறும் வயிற்றோடு வந்து மறுபடி குத்திக்கொள்ள வேண்டும்.

பெட்டியை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொள்ள லேபில் ஒரு நல்ல வார் கொடுத்தார்கள். சித்தி அதைத் துணி காயப்போடும் கொடியாக்கிவிட்டாள். பெட்டி அவள் முதுகில்தான். பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து, முட்டியையும் முழங்கையையும் மடித்து, விழுகிற அடியை எல்லாம் தன் உடம்பில் வாங்கிக்கொள்வாள். சைக்கிள் குதிக்கும். சித்தி குதிப்பாள். பெட்டி மட்டும் தூங்குகிற பூனை மாதிரி வரும்.

"ரோடு குடுக்கிற அடிய யாராவது வாங்கித்தானே ஆகணும். ரத்தம் வாங்கக் கூடாது. அப்ப நான்தான்."

ஒன்பது வருஷம் வாங்கினாள். கழுத்து, தோள்பட்டை, இடுப்பு என்று வரிசையாக மனு கொடுத்தன. காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் வளைந்துதான் நடப்பாள். "கேள்விக்குறி வந்தாச்சு" என்று நான் வீட்டுக்கே கேட்கக் கத்துவேன். "பதில் அடுப்புல வெந்துட்டிருக்கு, போய்க் கிண்டு" என்பாள்.

யோகாவை அவள் யாரிடமும் கற்கவில்லை. மூன்றாம் மாடி கிளினிக்கில் நர்ஸ் குழாய்களை எடுத்து வைக்கும்வரை தினமும் பன்னிரண்டு நிமிஷம் காத்திருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம். ஏழு பேர் வரிசையாக ஆசனம் செய்துகொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகினாள். ஆனால் படத்துக்கு முன்னால் ஃபைல் அடுக்கிய இரும்பு அலமாரி ஒன்று நின்றது. ஏழு பேருக்கும் இடுப்பு வரைதான் தெரியும். ஆகவே சித்தி கற்றதும் இடுப்பு வரைதான். இரண்டு வருஷத்தில் அவள் கழுத்து ஆந்தைக் கழுத்தாகிவிட்டது. தோள்கள் எண்ணெய் போட்ட கதவு மாதிரி சுழன்றன. இடுப்புக்குக் கீழே மட்டும் பழைய இரும்பு.

அப்படி இருக்கையில்தான் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. கிளினிக் நர்ஸுக்கு நாங்கள் வைத்த பேர் ஊசி அக்கா. அவள் சித்தியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சைக்கிள்ல உடம்புப் பாரத்த எங்க போடறீங்க?"

"பாரம் என்னைக் கேட்டா எறங்குது?"

"இடுப்பு இறுகிப்போயிருந்தா உடம்பு முன்னாடி சரியும். மொத்தமும் உள்ளங்கையில விழும். விரல் மரக்காம என்ன செய்யும். இடுப்பை வளைக்கணும். காலை நீட்டணும்."

"அதெல்லாம் அலமாரிக்குப் பின்னாடில்ல இருக்கு" என்றாள் சித்தி.

என்னிடம் வந்தாள். "உன் கம்ப்யூட்டர்ல தேடி, அந்த ஏழு பேருக்கும் இடுப்புக்குக் கீழ எடுத்துக் குடுடி."

தேடினால் கிடைத்திருக்கும். நான் தேடவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் பேனாவால் நானே ஏழு ஜோடிக் கால்களை வரைந்தேன். அதில் ஒன்று ஒற்றைக்காலில் நின்று, மற்றப் பாதத்தை முட்டிக்குப் பின்னால் செருகியிருந்தது. கீழே அழகான எழுத்தில் 'மூன்று முறை குதிக்கவும்' என்று எழுதினேன். ஜெராக்ஸ் எடுத்ததும் அச்சடித்த மாதிரியே இருந்தது. சித்தி அதை மடித்துப் பைக்குள் வைத்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நான்கு நாள் குதித்தாள். மாடிப்படியில் குதித்தாள், இல்லத்து வாசலில் குதித்தாள். இரண்டாம் மாடிக்காரர், "சுவரைத் தள்ளினது போதாதா, இப்ப தரையையும் இடிக்கணுமா?" என்று கேட்டாராம். "படத்துல போட்டிருக்குங்க" என்றாளாம் சித்தி.

ஐந்தாம் நாள் லேப் கவுன்ட்டரில் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது ஒன்று அவள் இடது கையிலிருந்து நழுவித் தரையில் உடைந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் குழாய். அது முதியோர் இல்லத்தில் இருக்கும் எண்பது வயதுத் தையல்காரருடையது. வாழ்நாள் முழுக்க ஊசி பிடித்தவருக்கு, தன்மேல் ஏறும் ஊசி என்றால் மட்டும் நடுக்கம். சித்தி தானே போய் விஷயத்தைச் சொன்னாள். மறுபடி குத்தும்போது அவர் பக்கத்தில் நின்றாள். அவர் அவளுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா அழுத்திப் புடிச்சாருடி. ரெண்டு வெரல்ல ஒண்ணுமே தெரியல" என்றாள் வீட்டில். அன்று நான் கேள்விக்குறி ஜோக்கைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் லேப் மேனேஜர் கூப்பிட்டார். அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஸ்கூட்டர்ல ஒருத்தரைப் போட்டிருக்கோம். உங்க ரூட்டையும் அவர் பார்த்துப்பார். நீங்க உள்ள லேபிள் ஒட்டுற மேஜைக்கு வந்துடுங்க. வெயில் இல்ல, மழை இல்ல."

"எனக்கு வெயிலும் மழையும் பிரச்சினைன்னு யார் சார் சொன்னது?"

"கை…"

"ஒரு மாசம் குடுங்க. ஒரு டியூப் திரும்பினாலும் மேஜைக்கு வந்துடறேன்."

மேனேஜர் யோசித்தார். "கீழ விழுந்தாலும் சரி, சிவந்தாலும் சரி. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணு" என்றாள் சித்தி.

ஊசி அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். குழாய் விழுந்ததற்கும் என் படத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றாள். நான் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, சித்தியிடம் சொல்லவும் இல்லை. மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். அலமாரியில் இருந்த முந்நூறு சொச்சம் ஃபைல்களை நானும் ஊசி அக்காவும் இறக்கினோம். அலமாரியை இழுத்தோம். ஏழு பேருடைய கால்களும் வெளிச்சத்தைப் பார்த்தன. ஒருவர்கூடக் குதிக்கவில்லை. போட்டோ எடுத்து, கடையின் பெரிய மெஷினில் கதவளவு அச்சடித்து, வீட்டுச் சுவரில் ஒட்டினேன்.

சித்தி வந்தாள். பார்த்தாள். பைக்குள்ளிருந்து பழைய தாளை எடுத்து விரித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"அது… பழைய பதிப்பு சித்தி."

அவள் திட்டவில்லை. காதைத் திருகவும் இல்லை. என் எதிரே வந்து ஒற்றைக்காலில் நின்று, நிதானமாக மூன்று முறை குதித்துக் காட்டினாள். திட்டியிருக்கலாம்.

அந்த மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்க இடம் இல்லை. ஒரு காலை முன்னால் மடித்து, பின்னங்கால் முட்டியைத் தரையில் ஊன்றி, கைகளை மேலே தூக்குவாள். தொடையின் முன்பக்கம் இழுக்கும். "யாரோ உள்ளருந்து கயிறு திரிக்கிறான்டி" என்பாள். ஒரு காலைக் குறுக்கே மடித்துப் போட்டு, மற்றதைப் பின்னால் நீட்டி, மடித்த காலின்மேல் கவிழ்வாள். முதல் வாரம் பாதி வழியில் நின்று, "மீதிக்கு நாளைக்கு வாங்க" என்று இடுப்பு திருப்பி அனுப்பிவிடும். இரண்டாம் வாரம் நெற்றிக்கும் தரைக்கும் ஒரு சாண். மூன்றாம் வாரம் நான்கு விரல். சைக்கிளில் அவள் நிமிர்ந்து உட்காருவதைக் கடைக் கண்ணாடி வழியாக நானே பார்த்தேன். கைப்பிடியை அவள் இப்போது பிடித்திருந்தாள். முன்பெல்லாம் அதன்மேல் சாய்ந்திருப்பாள்.

ஸ்கூட்டர் அண்ணன் பெட்டியைக் காலடியில் வைத்துப் பறந்துகொண்டிருந்தார். அவருடைய ரூட்டில் அந்த மாதம் பதினொரு சீட்டு. சித்திக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் மாதம் முடியவில்லையே.

கடைசி நாள் காலையில் நல்ல மழை. மேட்டுத் தெருவில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிப்போட்டிருந்தார்கள். கிளம்பும்போது சித்தி இடது கையை உதறிக்கொண்டே சொன்னாள்: "சுண்டுவெரல் திரும்பத் தூங்கப் பாக்குதுடி."

"ஒரு நாள் லீவு போடேன்."

"லீவு போட்டா தோத்தவன் லிஸ்ட்லதான் எழுதுவாங்க."

நடுவில் நடந்ததை எனக்குச் சொன்னவர் ஸ்கூட்டர் அண்ணன்தான். மழைக்கு ரயில் பாலத்தடியில் ஒதுங்கி நின்றாராம். இருபது முப்பது பேர் நின்றார்களாம். சித்தி சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தாள். பெட்டியைக் கழற்றவில்லை. அத்தனை பேர் நடுவே, சேற்றில், ஒரு முட்டியை ஊன்றிக் கைகளை உயரத் தூக்கினாள். மூடிய மாடிப்படியிலும் ஆளில்லாத வாசலிலும் செய்ததை முதல் தடவையாக ஊர் பார்க்கச் செய்தாள்.

"நான் பயந்துட்டேன் பாப்பா" என்றார் அண்ணன். "என்னமோ வேண்டுதல்னு நினைச்சேன். பக்கத்துல இருந்த ஒரு பெரியவர் கையெடுத்தே கும்பிட்டுட்டார். உங்க சித்தி காலை மாத்திட்டு, 'இன்னும் ஒரு பக்கம் இருக்கு, தள்ளி நில்லுங்க'ன்னாங்க."

பிறகு அந்தத் தோண்டிப்போட்ட மேட்டில் ஏறினாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். சீட்டிலிருந்து எழுந்து, முட்டி மடித்து, முழங்கை மடித்து, ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பு தாழ்ந்து எழுந்தது. சைக்கிள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. முதுகில் பெட்டி அசையவே இல்லை. கடையில் ஒருவர் ஆதார் நகலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு நான் தெருவைத் தாண்டி லேபுக்கு ஓடினேன்.

கவுன்ட்டரில் முப்பத்து நான்கு குழாய்கள். மேனேஜர் எதிரே நின்றார். சித்தி வேண்டுமென்றே இடது கையால் எடுத்தாள். ஒன்று, இரண்டு என்று மரச்சட்டத்தில் நிறுத்தினாள். இருபதாவதில் ஒரு கணம் நின்று விரல்களை விரித்து மூடினாள். முப்பத்து நான்காவது, சட்டத்தில் சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது.

அதோடு முடியவில்லை. மெஷினில் போட்டுச் சுற்ற வேண்டும். பத்து நிமிஷம். காத்திருப்புக் கூடத்தில் இருந்தவர்களுக்கும் விஷயம் பரவிவிட்டது. பசியோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் பசியை மறந்து கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தியின் உடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஒரு குட்டை கட்டியது.

உள்ளே மெஷின் சத்தம் மெதுவாகி நின்றது. டெக்னீஷியன் பெண் குழாய்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு தலையை மட்டும் நீட்டினாள்.

"எல்லாம் மஞ்சள் சார். முப்பத்து நாலும்."

யாரோ கை தட்டினார்கள். உடனே கூடமே தட்டியது. ஸ்கூட்டர் அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். மேனேஜர் சிரித்துவிட்டார். அவருக்கும் உள்ளுக்குள் அது வேண்டியிருந்தது போலத்தான் தெரிந்தது.

"ரூட் உங்களுது அக்கா. இனிமே நான் அந்தப் பேச்சே எடுக்க மாட்டேன்." தன் நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார். "முதல்ல உக்காருங்க."

சித்தி நாற்காலியைப் பார்த்தாள். ஈரச் செருப்பைக் கழற்றினாள். இடது குதிகாலை அதன்மேல் தூக்கி வைத்து, முட்டியை நேராக்கி, கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நெற்றி முட்டியைத் தொடும்வரை மெதுவாகக் கவிழ்ந்தாள். அவளுடைய இடது கை நீண்டு பாதத்தை எட்டியது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் கொக்கி போட்டு, கால் கட்டைவிரலை இறுகப் பிடித்தன.