புதுக் கையுறைக்கு வைத்த பொட்டு

புத்தம் புதிய வெள்ளைப் பந்துகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, சேறு பூசி அழுக்காக்குவதுதான் என் உத்தியோகம். சிரிக்காதீர்கள். நியூசிலாந்தின் ஆல்பனியில் ஆடும் ஒரு தொழில்முறை பேஸ்பால் அணியின் டிரெஸ்ஸிங் ரூம் என் பொறுப்பு. மட்டை, கையுறை, தொப்பி, பந்து எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மைதானத்துக்குப் போகும். யாரோ மேடையேற, பின்னால் நின்று சட்டை மடித்துக் கொடுக்கும் சக பாவப்பட்ட ஜென்மங்களே, நமக்குள் இருக்கட்டும்: போன கோடையில் நான் பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால் மடித்த சட்டையைக் கீழே போட்டிருப்பீர்கள்.

சேற்று உத்தியோகம்

புதுப் பந்து வழுக்கும். வழுக்கினால் எறிபவரின் பிடி தவறி, எதிரே மட்டையோடு நிற்பவரின் மண்டையில் போய் முடியும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பந்துகளில் சேறு தேய்த்தாக வேண்டும், அது விதி. அந்தச் சேறும் இங்கே கடற்கரையில் அள்ளியது இல்லை. அமெரிக்காவில் ஏதோ ஆற்றங்கரையில் எடுத்து, டப்பாவில் அடைத்து, விமானத்தில் வருகிறது. மதுரையில் பொறியியல் படித்து, நர்ஸ் மனைவியின் விசாவைப் பிடித்துக்கொண்டு நியூசிலாந்து வந்தவன், முதல் நாள் அந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தேன். சேறு, சேறு மாதிரியேதான் இருந்தது.

அடுத்த அறையில் சலவை பார்ப்பவர் யோகா அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். நகரின் மறுகோடியில் இருக்கும் லின்ஃபீல்டிலிருந்து துறைமுகப் பாலத்தைத் தாண்டி வருவார். வீரர்கள் புழுதியில் சறுக்கி விழுந்து கொண்டுவரும் வெள்ளைக் கால்சட்டைகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவர் வேலை. கதவருகில் நின்று என் கைவேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, நான் நாள் முழுக்கச் சேறு கழுவுறன், நீங்கள் இருந்து சேறு பூசுறீங்கள். ரெண்டு பேரும் வீட்டில நிண்டா உலகத்துக்கு ஒரு நட்டமும் இல்லை.”

நான் குனிந்த கதை

வெஸ்லி எங்கள் பிட்சர், அதாவது பந்து எறிபவர். அமெரிக்காவில் பெரிய அணி ஒன்றின் வாசல் வரை போனவர். முழங்கையில் ஆபரேஷன் ஆனதும் அவரைக் கழற்றிவிட்டார்கள். வந்த அன்றே என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: “செல்வா, இந்த சீசன்ல யாராவது என்னைத் திரும்ப எடுக்கணும். இல்லேன்னா மாமனார் கடையில டயர் மாத்தப் போறேன்.”

ஒருநாள் பயிற்சியில், சும்மா மட்டையோடு எதிரே நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். தரையில் குத்தாமல் வரும் பந்துதானே, நம்ம ஊர் ஃபுல்டாஸ், இதில் என்ன பெரிய வித்தை என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் கால் மேலே போனது தெரியும். கை சுழன்றது தெரியும். பந்து என் தோள்பட்டையைக் குறிவைத்து வந்தது. ஐயோ என்று மட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பந்தோ பாதி வழியில் மனம் மாறியதுபோல் வளைந்து கீழிறங்கி, எனக்கு அந்தப் பக்கம் பந்து பிடிக்கக் குந்தியிருந்த கேட்சரின் கையுறைக்குள் பட்டாசு மாதிரி வெடித்தது. நான் சேறு பூசிய பந்துதான். அது அப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எழுந்திருக்கத் தோன்றாமல் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். வெஸ்லி நடந்து வந்து கைகொடுத்துத் தூக்கினார்.

“வெட்கப்படாதே, இதுக்குச் சம்பளம் வாங்குறவங்களும் இப்படித்தான் உட்காருவாங்க.”

துவைக்கக் கூடாத சாக்ஸ்

நல்ல நேரம், ராகு காலம், எலுமிச்சம்பழம் இதெல்லாம் நம்ம ஆட்களோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். பேஸ்பால்காரர்களிடம் நாம் பிச்சை வாங்க வேண்டும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும். ஆட்டம் இல்லாத நேரத்தில்கூட ஒருத்தரும் அதை மிதிக்க மாட்டார்கள், தாண்டித்தான் போவார்கள். ஒருத்தர் மட்டையோடு தூங்குகிறார். எல்லாவற்றையும்விடப் பெரிய சம்பிரதாயம், பிட்சர் யாரையும் அடிக்கவிடாமல் எறிந்துகொண்டிருந்தால் ஆட்டம் முடியும்வரை அவரிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. பக்கத்தில்கூட உட்காரக் கூடாது. பேசினால் எல்லாம் போச்சு.

இந்த நாட்டில் டிசம்பர்தான் கோடை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் அணி தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்தது. எங்கள் கேட்சர் தன் சாக்ஸைத் துவைக்கத் தரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதற்குள் வெற்றி இருக்கிறதாம், சோப்புப் போட்டால் போய்விடுமாம். அவர் கழற்றிப் போட்டிருந்ததை யோகா அக்கா இடுக்கியால் தூக்கி, முகத்துக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“வெற்றி எண்டா இப்படித்தான் மணக்குமெண்டா, நான் தோத்தே இருக்கிறன் தம்பி.”

குங்குமம்

ஜனவரியில் உள்ளூரில் ஆடும் கடைசி ஆட்டங்கள் வந்தன. வெஸ்லி அதுவரை பிரமாதமாக எறிந்திருந்தும் அமெரிக்காவிலிருந்து ஒரு போன் வரவில்லை. கடைசியில் ஞாயிறு ஆட்டத்தைப் பார்க்க ஆளெடுப்பவர் ஒருவர் வருகிறார் என்று சேதி வந்தது. அந்த வாரம் பார்த்து வெஸ்லியின் பழைய கையுறையின் வார் அறுந்தது. புதுசு கூரியரில் என் மேஜைக்கு வந்தது.

புதுசாக எது வந்தாலும் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். டொயோட்டாவுக்கு வைத்தோம், வாஷிங் மெஷினுக்கு வைத்தோம், மார்ட்கேஜ் பத்திரத்துக்குக்கூட என் மனைவி ஓரத்தில் வைத்தாள். ஒரு மனிதனின் வாழ்க்கையே தொங்கும் கையுறையை வெறுமனே கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. பாபடோயிட்டோயில் இந்தியக் கடையில் வாங்கிய குங்குமம் பையில் இருந்தது. யார் கண்ணிலும் படாமல் கையுறைக்குள், சுண்டுவிரல் போகும் இடத்தில், கடுகளவு வைத்தேன். யோகா அக்கா எட்டிப் பார்த்தார்.

“கொஞ்சம் பெரிசா வையுங்கோ, சாமிக்குத் தெரிய வேணுமெல்லே?”

பெரிதாக வைத்தேன்.

கோட்டைத் தாண்டி

ஞாயிறு மதியம் வெயில் மண்டையைப் பிளந்தது. ஆளெடுப்பவர் வலைக்குப் பின்னால், வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார். வெஸ்லி எறிந்த எறியை என்னவென்று சொல்வது! எதிரணியில் வந்தவர்கள் எல்லாம் காற்றை அடித்துவிட்டுத் திரும்பினார்கள். மூன்று சுற்று முடிந்தும் ஒரு அடி இல்லை. எங்கள் பெஞ்சில் பேச்சு நின்றுவிட்டது. அப்போதுதான் அம்பயர் வழக்கமான சோதனைக்காக வெஸ்லியை நிறுத்தினார். பிட்சரின் கையில் பிசின், எண்ணெய் என்று வெளிப்பொருள் எது இருந்தாலும் ஆட்டத்தைவிட்டு வெளியேற்றம். வெஸ்லி கையுறையைக் கழற்றினார். இடது கை முழுக்க வியர்வையில் கரைந்த சிவப்பு.

வலைக்குப் பின்னால் இருந்தவர் கருவியைக் கீழே வைத்ததைப் பார்த்தேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. அந்த ஓட்டத்திலும் சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் தாண்டினேன், அது மட்டும் நினைவிருக்கிறது. “சார், அது நான் வெச்சது, அவருக்கே தெரியாது. புதுப் பொருளுக்கு எங்க ஆட்கள் வெக்கிற ஆசீர்வாதம்” என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அம்பயர் நரைமுடிக்காரர், இந்த நாட்டின் பூர்வகுடியான மாவோரி. சிவப்பைத் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒட்டவில்லை. கடைசியாக எறிந்த பந்தைக் கேட்டு வாங்கி, தையல் தையலாகத் திருப்பிப் பார்த்தார். அதில் நான் பூசிய சேறு மட்டும்தான் இருந்தது. மைதானமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“புதுக் கார் வாங்கினா நாங்களும் கராக்கியா ஜெபம் சொல்லிட்டுத்தான் வண்டியை எடுப்போம், அதனால புரியுது, ஆசீர்வாதம் இருக்கட்டும், கையைக் கழுவச் சொல்லு, கையுறை வெளியே போகட்டும்.”

பேசக் கூடாத பெஞ்ச்

பழைய கையுறைதான் கதி. யோகா அக்கா அழுக்குத்துணிப் பையின் கயிற்றை உருவி, அறுந்த வாருக்குப் பதிலாகக் கோத்து இறுக்கிக் கட்டினார். நான் அதை வெஸ்லியிடம் நீட்டினேன். ‘மன்னிச்சிடுங்க’ என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவரிடம் பேசக் கூடாதே! கேட்சர் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்கக்கூட விதி இல்லை. மீதி ஆட்டம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை மென்றுகொண்டு மூலையில் நின்றேன்.

அப்படி நின்று பார்த்ததைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. அழுக்குப்பைக் கயிறு தொங்கும் கையுறையோடு, ஆபரேஷன் தழும்பு வெயிலில் மின்ன, அந்த மனிதர் எறிந்துகொண்டே இருந்தார். பந்து போகிறது என்று தெரிவதற்குள் கேட்சரிடம் வெடித்தது. பாப்கார்ன் விற்றவர்கூட விற்பதை நிறுத்திவிட்டார். எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். கடைசிச் சுற்றில் ஒருத்தர் எப்படியோ தட்டிவிட்டு ஓடிச் சேர்ந்தார். ஒரு அடிகூட விடாத பெருமை போச்சே என்று எங்கள் பெஞ்ச் மொத்தமும் பெருமூச்சு விட்டது. அடுத்தவரை வெஸ்லி காற்றை அடிக்கவைத்து ஆட்டத்தை முடித்தார். ஜெயித்தோம்.

ஆளெடுப்பவர் அவரை ஓரமாக அழைத்துப் போனார். நான் டிரெஸ்ஸிங் ரூமில் ஈரத்துணியோடு உட்கார்ந்து, புதுக் கையுறைக்குள் சிவப்பைத் துடைக்கப் போனேன். வெஸ்லி உள்ளே வந்தார். தேக்கி வைத்திருந்த மன்னிப்பையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் ஈரத்துணியை என் கையிலிருந்து பிடுங்கினார்.

“துடைக்காதே செல்வா, என்னை எடுத்துட்டாங்க; அங்கே அம்பயர்கிட்ட வந்து பேச நீ இருக்க மாட்டே, அதனால இதை வீட்டுச் சுவர்ல மாட்டிட்டு, அந்தக் கயிறு கட்டினதை எடுத்துட்டுப் போறேன்.”

ஆக, ஒரு சீசன் முழுக்க நான் பூசிய அத்தனை சேற்றையும் மறந்துவிட்டு, ஒரே ஒரு பொட்டுக் குங்குமத்துக்காக மட்டும்தான் இந்த கிளப் என்னை ஞாபகம் வைத்திருக்கிறது.