பதினொன்று பத்தான பிற்பகல்

1. ஆறு கேள்வி

என் உத்தியோகக் காலத்தில் பாதி, விழுந்த பிள்ளைகளோடேயே போயிற்று. வன்னியில் பிள்ளைகள் விழுவதற்கு இடத்துக்கா பஞ்சம்? மரம், கிணற்றுக்கட்டு, உழவு இயந்திரப் பெட்டி, பாதியில் நிற்கும் வீட்டுச் சுவர். அவசர சிகிச்சைப் பிரிவில் பொறுப்புச் சிஸ்டராக இருந்த எனக்கு, வாசலில் தூக்கி வரும்போதே எந்தப் பிள்ளைக்கு ஆபத்து, எதற்கு இல்லை என்று தெரியும் என்ற நினைப்பு. திமிர் என்றும் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்தத் திமிருக்கு ஆப்பு வைத்தவர் மலையகத்திலிருந்து எங்களிடம் மாற்றலாகி வந்த இளம் டொக்டர். என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். வந்த கிழமையே ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். காயப்பட்ட பிள்ளைகளுக்குப் புள்ளி போடும் தாள். நிறை, மூச்சுப்பாதை, பிறசர், நினைவு, திறந்த காயம், எலும்பு முறிவு என்று ஆறு கேள்வி. நல்லதென்றால் இரண்டு, நடுத்தரமென்றால் ஒன்று, மோசமென்றால் ஒன்றைக் கழிக்க வேண்டும். ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்குப் பன்னிரண்டு. எட்டோ அதற்குக் குறைவோ வந்தால் உயிருக்கு ஆபத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

"இதென்ன டொக்டர், பள்ளிக்கூடமே மார்க்ஸ் போட?" என்று கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "பள்ளிக்கூடத்துல ஒரு தடவதான் போடுவாங்க சிஸ்டர். நாம அரை மணிக்கு ஒருக்கா போடணும்" என்று சொல்லிக்கொண்டே அடிமட்டத்தை வைத்து நாலு நிரல் கீறினார். இருக்கிற வேலைக்குள் இது வேறா என்று நான் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டிருக்கும்.

2. பாலைப்பழக் காலம்

ஆனி மாதம். காட்டோரமெங்கும் பாலை மரங்கள் காய்த்துத் தள்ளிய வருடம். உடையார்கட்டுப் பக்கமிருந்து ஒரு தாய் ஆறு வயது மகனை ஓட்டோவில் கொண்டுவந்தா. அவன் பெயர் அபிஷன்.

"பாலையில ஏறினவன் சிஸ்டர். ரெண்டு ஆள் உயரம் வரும். விழுந்த உடன கொஞ்சம் மலைச்சுப் போய் இருந்தவன், பிறகு எழும்பி நடந்தவன்."

பார்த்தேன். கீறல்கூட இல்லை. பெயரைக் கேட்டால் சொன்னான். தங்கச்சியின் பெயரையும் கேளாமலே சொன்னான். பத்தொன்பது கிலோ என்பதால் நிறைக்கு மட்டும் ஒன்று, மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு. பதினொன்று.

தாய்க்கு நிலைகொள்ளவில்லை. "கைக்குழந்தைய பக்கத்து வீட்டில விட்டிட்டு வந்தனான். பால் குடிக்கிற பிள்ளை. நாங்கள் போகட்டே, சிஸ்டர்?"

எனக்குப் பாவமாக இருந்தது. டொக்டரிடம் போய், "பதினொண்டு டொக்டர். உங்கட தாளே சொல்லுது. விடுங்கோவன்" என்றேன்.

"ரெண்டாவது நிரலப் போட்டுட்டு அனுப்பலாம் சிஸ்டர்" என்றார். அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

அரைமணி ஆகும் முன்பே பொடியன் ஓங்காளித்துச் சத்தி எடுத்தான். பிறகு தாயின் மடியில் சரிந்து படுத்துவிட்டான். தாய் தலையில் கைவைத்தா. நான்தான் தேற்றினேன். "பயப்பிடாதேங்கோ. பாலைப்பழம் அளவுக்கு மிஞ்சித் திண்டிருப்பான். ஓடி ஏறின களை, நித்திரை வரும்தானே." தாளின் குறிப்புப் பகுதியில் 'சத்தி: பாலைப்பழம்' என்றும் எழுதினேன். இந்தப் பழக் காலத்தில் சத்தி என்று வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு நாங்கள் சொல்லும் காரணம் அதுதான்.

டொக்டர் அதை வாசித்தார். "சிஸ்டர், பாலைப்பழம்னா என்னா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ டொக்டர், மஞ்சளாய், சின்னனாய் இருக்கும். தேன்தான். ஆனா பால் இருக்கு. நாலு பழம் திண்டாலே சொண்டு ரெண்டும் ஒட்டிப் பிடிச்சிடும்."

அவர் குனிந்து பொடியனின் வாயைப் பார்த்தார். விரலால் தொட்டும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, ஒன்றும் தெரியாத பிள்ளை கேட்பதுபோல, "இவனுக்கு ஒதடு ஒட்டலியே, சிஸ்டர்?" என்றார்.

சத்தியைப் போய்ப் பார்த்தேன். வெறும் சோறு. ஒரு பழத்தோல் இல்லை. பொடியன் பழத்தில் கைவைக்க முன்னமே விழுந்திருக்கிறான், சத்தி தலையில் பட்ட அடியால் வந்தது. பாலைப்பழத்தோடு வளர்ந்த என் கண்ணுக்குத் தெரியாதது, அதைக் கண்ணாலும் காணாதவருக்குத் தெரிந்தது.

அபிஷனைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்து மூடினான். தங்கச்சியின் பெயரைக் கேட்டேன். சொல்லவில்லை. நினைவுக்கு ஒன்று. மொத்தம் பத்து.

3. தொலைபேசியில் ஒரு வசனம்

எங்களிடம் ஸ்கான் இல்லை. டொக்டர் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் பெரிய டொக்டர். குரல் எனக்கும் கேட்டது. "ஸ்கோர் என்ன? பத்தோ? பத்துக்கு ஏன் அனுப்புறீர்?"

அந்த இடத்தில் நானென்றால் ஓம் சேர் என்று போனை வைத்திருப்பேன். இந்த டொக்டர்ப் பிள்ளை குரலை உயர்த்தாமல் சொன்னது: "பத்துக்காக அனுப்பல சேர். பதினொண்ணு பத்தானதுக்காக அனுப்புறேன்."

மறுமுனையிலிருந்து, "அனுப்பும். தியேட்டரை ஆயத்தமா வைக்கிறன்" என்று கேட்டது.

அம்புலன்சில் நானே ஏறினேன். தாய் என் கையைப் பிடித்தபடி, "பிழைச்சிடுவான் என்ன சிஸ்டர்? சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டே வந்தா. ஆனையிறவு தாண்டும்போது கண்ணுக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். ஒரு கண்மணி மற்றதைவிடப் பெருத்திருந்தது. கிள்ளினாலும் எழும்பவில்லை, நினைவுக்கு இப்போது கழித்தல் ஒன்று. எட்டு. மூன்றாம் நிரலில் எழுதினேன். நான் கேட்டபடி விட்டிருந்தால் அந்த எட்டு உடையார்கட்டில் பாயில் கிடந்திருக்கும், 'நித்திரை கொள்ளுறான், எழுப்பாதேங்கோ' என்று சொல்லியிருப்பார்கள்.

மண்டையோட்டுக்கு உட்பக்கம் இரத்தக்கட்டி. போய் இறங்கியதும் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். கட்டியை எடுத்தார்கள். மூன்றாம் நாள் தங்கச்சியின் பெயரைச் சொன்னானாம். செய்தியைக் கேட்டு, மருந்து அலுமாரிக்குப் பின்னால் நின்று நன்றாக அழுதேன்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். புள்ளித் தாள் பொய் சொல்லாது, ஆனால் அது அந்த நிமிஷத்தை மட்டும்தான் சொல்லும். இரண்டாம் நிரலைப் போடாமல் பேனாவை மூடாதீர்கள். காரணம் உடனே வாயில் வந்தால், அந்தக் காரணத்தையும் ஒருதரம் தொட்டுப் பாருங்கள். 'பாலைப்பழம்' என்று நான் எழுதியதை டொக்டர் வெட்டவில்லை. நானேதான் வெட்டிக் கையெழுத்து வைத்தேன்.

ஆடி முடிய முன் தாயும் மகனும் வந்தார்கள். மொட்டைத் தலை, காதுக்கு மேலே வளைந்த தையல். கையில் ஒரு பை பாலைப்பழம். "மரத்தில ஏறேல்ல சிஸ்டர், றோட்டில வாங்கினது" என்று தாய் அவசரமாகச் சொன்னா. டொக்டர் ஐந்தாறை ஒன்றாக வாயில் போட்டுவிட்டு, சொண்டு ஒட்டிப் பேச முடியாமல் முழித்தார். வோர்ட்டே சிரித்தது.

நான் அபிஷனைக் கிட்டக் கூப்பிட்டு, முதல் வேலையாக அவன் வாயைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக ஒட்டியிருந்தது.