வேட்டை மூடிய பனிக்காலம்

பிஜமாலுக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கோக்ஜார் பள்ளத்தாக்குக்குள் போகும் ஒரே வண்டிப்பாதையில், வேட்டைக் காட்டைப் பராமரிக்கும் வேட்டைப் பண்ணையின் செக்போஸ்டில், பதினான்கு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். வாரத்தில் நான்கு நாள் அவள், மூன்று நாள் நான். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். ஆனால் வேட்டைக்காரர்கள் என்னிடம் வாக்குவாதம் செய்வார்கள், அவளிடம் செய்ய மாட்டார்கள்.

கிர்காவுல் என்ற காட்டுக்கோழியில் சேவல் மட்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று. சிலர் பெட்டையைச் சுட்டுவிட்டு, இறகையெல்லாம் பிடுங்கிச் சேவல் என்று சாதிப்பார்கள். பிஜமால் பேச்சே கொடுக்காமல் காலைத் தூக்கிச் சேவலுக்குரிய முள் இருக்கிறதா என்று பார்ப்பாள். எலிக் என்ற சின்ன மான் வகையில் ஆணை மட்டும்தான் சுடலாம். சுட்ட இடத்திலேயே பின்காலில் பெர்மிட்டோடு கொடுத்த எண் போட்ட சீலை மாட்டியிருக்க வேண்டும். பனி விழும் மாதத்தில் ஆணுக்கும் கொம்பு உதிர்ந்துவிடும். அதைச் சாக்காக வைத்துப் பெண் மானைக் கொண்டுவருவார்கள். அவள் கையுறையைக் கழற்றி மானின் இரண்டு காதுகளுக்கும் நடுவே தடவுவாள். கொம்பு நின்ற இடத்தில் மேடு இருக்கும். இல்லையென்றால் வழக்கு எழுத நோட்டை எடுப்பாள்.

கணவன் அல்மாட்டி நகரத்துக்குப் போனவன் திரும்பவில்லை. பிள்ளை கிடையாது. இருந்தது ஒரு தம்பி, மெயிராம். அவனுக்கு ஆறு வயதாகும்போது தாய் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி, கடைசியில் அசெம் என்ற பெண்ணைப் பார்த்துக் கட்டி வைத்தது வரை எல்லாம் பிஜமால்தான்.

அந்த வருடம் நவம்பர் நடுவிலேயே பனி கொட்டத் தொடங்கியது. மூன்றே நாளில் வேலிக் கம்பங்கள் மறைந்தன. பிறகு ஒரு நாள் மழை தூறி, அது அப்படியே உறைந்து, பனிமேல் கண்ணாடி போட்டது போலாகிவிட்டது. மான்களின் குளம்பு அதை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். வெளியே இழுக்கும்போது அந்தப் பனி ஓடு காலை அறுக்கும். மலைமேல் தின்ன ஒன்றுமில்லை. எலிக் மான்கள் கூட்டம் கூட்டமாகப் பள்ளத்தாக்கின் வாய்க்கு இறங்கி வந்தன. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும். ஆள் போனாலும் நகராது. செக்போஸ்டின் பின்சுவரில், அடுப்புப் புகைக்குழாய் ஏறும் இடத்தில், ஒரு பெண் மான் நாள் முழுக்க உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றது. உள்ளே டீ குடிக்கும்போது சுவருக்கு அப்பால் அது மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்கும்.

இருபதாம் தேதி காலை மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பருவம் முடியப் பத்து நாள் இருந்தாலும் மான் வேட்டை இன்றோடு மூடப்பட்டது, பெர்மிட் வைத்திருப்பவர்களையும் திருப்பி அனுப்புங்கள் என்றார்கள். பிஜமால் அதை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள்.

மறுநாள் பகல் கைசார் வந்தான். மாவட்டத் தலைநகருக்கு வெளியே கல்குவாரி நடத்துகிறவன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவனிடம் கூலி வாங்கியவர்கள். பெரிய ஜீப்பை விட்டு இறங்கி, பெர்மிட்டை இரண்டு கையாலும் நீட்டினான். அவன் எப்போதுமே மரியாதையாகத்தான் பேசுவான். அன்று நானும் இருந்தேன். ஷிப்ட் மாறும் நாள்.

"அக்கா, இதுல முப்பதாம் தேதி வரைக்கும்னு போட்டிருக்கு பாருங்க."

"போட்டிருக்கு. நேத்து மூடிட்டாங்க. கதவுல எழுதியிருக்கு, படிங்க."

அவன் நிதானமாகப் படித்தான். பிறகு அடுப்பையும், கட்டிலையும், என்னையும் பார்த்தான்.

"நீங்க நாலு நாள் தனியாவா இருப்பீங்க இங்க?"

"வேலைன்னா இருக்கணும்தான்."

"பாத்து இருங்க அக்கா. வழுக்குது."

அவ்வளவுதான். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மூன்று மணிக்கு அதே ஜீப் வந்து தடுப்புக் கம்பத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது. யாரும் இறங்கவில்லை. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனது. அடுத்த நாளும் மூன்று மணிக்கு வந்தது. என் முறையிலும் வந்தது. நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். பிஜமால் வெளியே போய்க் கம்பத்தின் பக்கத்தில் நின்றாளாம், அரை மணி நேரமும். கண்ணாடி கறுப்பு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றாள். மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தோம். பொதுப் பாதையில் ஒருவர் வண்டி நிறுத்துவதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்கள்.

ஒன்பது நாள் இப்படி நடந்தது. பத்தாம் நாள் ஜீப் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் அப்பாடா என்று இருந்தேன். பிஜமால் முகம்தான் இன்னும் இறுகியது. "வேற வழி கெடச்சிருச்சு அண்ணே. அதான் வரல," என்றாள். நான் அதை மறுத்தேன். பள்ளத்தாக்குக்கு வேறு வழியே கிடையாது என்று எனக்குத் தெரியும்.

சுவரில் சாய்ந்து நின்ற பெண் மானை அந்த வாரம் காணவில்லை.

டிசம்பரில் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் குளிர்காலத்துக்காக மாடோ குதிரையோ அறுப்பார்கள். கறி வீட்டுக்கு வீடு போகும். மெயிராமின் மனைவி அசெம் ஒரு மூட்டைக் கறி கொண்டுவந்து செக்போஸ்டில் வைத்துவிட்டுப் போனாள். வெள்ளாடு அறுத்தோம் என்றாள். ஷிப்ட் மாறும் நாளில் பிஜமால் அதை வேகவைத்து மாவுத்துண்டு போட்டுப் பரிமாறினாள். நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். கொழுப்பே இல்லையே, ஆடு காய்ந்து போயிருக்கும் என்று பேசிக்கொண்டோம்.

அடுத்த வாரம் அசெம் இன்னொரு தொடையும், ஒரு தட்டில் முழு ஈரலும் கொண்டுவந்தாள். அவள் போனபின் பிஜமால் ஈரலை வறுக்க எடுத்தாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் கத்திச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் ஈரலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பித்தப்பை எங்க?" என்றாள்.

வெட்டி எறிந்திருப்பார்கள் என்றேன்.

"எறிஞ்சா அடையாளம் இருக்கும்ல. பச்சையா கறை இருக்கும். குழி இருக்கும். இதுல ஒண்ணுமே இல்ல."

ஆட்டுக்குப் பித்தப்பை உண்டு. எலிக் மானுக்குக் கிடையாது. எனக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். வெங்காயத்தை நான் கீழே வைத்தேன். போன வாரம் நாங்கள் தின்றதும் ஆடு இல்லை.

நான் பயந்தவன், அதை மறைக்க மாட்டேன். தட்டை மூடி வை, நாய்க்குப் போடு, நாம் ஒன்றும் பார்க்கவில்லை என்று கெஞ்சினேன். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு மெயிராம் வீட்டுப் பக்கம் கிளம்பினாள். வேறு வழியில்லாமல் நானும் கூடப் போனேன்.

பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வரும் ஆறு அந்த வருடம் அடி வரை உறைந்திருந்தது. நாங்கள் யாரும் அதைப் பாதையாக நினைத்ததில்லை. கரை அவ்வளவு செங்குத்து. ஆனால் மெயிராம் வீட்டுக்குப் பின்னால், அவன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வெட்டிய சரிவில், அகலமான டயர்த் தடம் இறங்கியது. அது ஆற்றின்மேலேயே, செக்போஸ்டைத் தொடாமல் வளைந்து, பள்ளத்தாக்குக்குள் போயிற்று. தடத்தோடு நடந்தோம். பகல் வெளிச்சம் இருந்தும் பனிமூட்டத்தில் இருபதடிக்கு மேல் தெரியவில்லை. எங்கள் நடைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஆற்றோர வில்லோப் புதரில் அவற்றைக் கண்டோம். ஏழு மான் தலைகள், பனியில் வரிசையாக வைத்தது போல. பிஜமால் கையுறையைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தடவினாள். ஏழிலும் மேடு இல்லை.

அங்கிருந்து நேரே மெயிராம் வீட்டுக்குப் போனாள். அவன் முற்றத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆத்துல எறக்கி விட்டது நீயா?"

"நான்தான்."

"சுட்டது?"

"அவங்க வண்டில உக்காந்தே சுட்டாங்க. அதுங்க ஓடக்கூட இல்ல அக்கா. நான் தூக்கிப் போட்டேன்."

"உனக்கு என்னடா குறை வச்சேன் நான்?"

மெயிராம் என்னைப் பார்த்தான், நான் போய்விட மாட்டேனா என்பது போல. பிறகு மெல்லச் சொன்னான்: "அவரு இங்க வந்து டீ குடிச்சாரு. கம்பத்துல நிக்கிறது உன் அக்காவாமே, நாலு நாள் தனியா இருக்காங்க, வழுக்கி விழுந்தா யாரு பாப்பாங்கன்னாரு. அந்த ஒம்போது நாளும் எனக்குத் தூக்கம் இல்ல. சரிவக் காட்டினேன். அப்புறம் ஜீப் உன்கிட்ட வந்துச்சா? சொல்லு."

 பிஜமாலின் கண் இமையில் பனி படிந்திருந்தது, அவள் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"எழுதப் போறேன், மெயிராம்."

"எழுதினா என் பேருதான் வரும். அவரு பேரு வராது."

"ரெண்டையும் எழுதுவேன்."

"நீயும்தான் தின்ன."

"அதையும் எழுதுவேன்."

அன்று சாயங்காலமே அறிக்கை எழுதினாள். என்னைப் பார்த்து, "உங்களப் பத்தி நான் எழுத மாட்டேன் அண்ணே. நீங்களே சொல்லிக்குங்க," என்றாள். நானும் தின்றதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

அதிகாரிகள் வந்து தலைகளை எண்ணிப் படமெடுத்துப் போனார்கள். விசாரணையில் மெயிராம், சுட்டது தான்தான், வண்டி இரவல் வாங்கியது, கூட யாரும் இல்லை என்றான். எத்தனை முறை கேட்டாலும் அதே வார்த்தைகள். யாரோ சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்தது போல இருந்தது. கைசாரைப் பார்த்த சாட்சி யாருமில்லை. மெயிராமின் துப்பாக்கி பறிமுதலானது. மூன்று வருடத்துக்கு வேட்டை உரிமை ரத்து. அவன் ஜென்மத்துக்கும் கட்ட முடியாத அபராதம் போட்டார்கள். அது ஒரே வாரத்தில் கட்டப்பட்டது. கட்டியது யார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அந்தக் கறியைத் தின்றதற்காகப் பிஜமாலுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவள் மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள். அசெம் வருவதை நிறுத்திவிட்டாள். வசந்தத்தில் நவ்ருஸ் புத்தாண்டு விருந்துக்கும் கூப்பிடவில்லை. பிஜமால் பண்டம் செய்து கொண்டுபோனபோது, வீட்டில் ஆள் இருந்தும் கதவு திறக்கவில்லை.

பனி உருகியது. வேலை வழக்கம்போல நடந்தது. பிழைத்த மான்கள் மேலே ஏறிவிட்டன. அக்டோபர் முதல் தேதி பருவம் திறந்தது.

இருபத்திரண்டாம் தேதி கைசாரின் ஜீப் வந்தது. அன்றும் ஷிப்ட் மாறும் நாள்; நான் என் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியது மெயிராம். புதுத் தோல் ஜாக்கெட் போட்டிருந்தான், இளைத்திருந்தான். கைசார் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். மெயிராம் காகிதங்களைச் செக்போஸ்ட் ஜன்னல் வழியாக நீட்டினான். பெர்மிட், துப்பாக்கி உரிமம், சீல் எண் எல்லாமே கைசார் பேரில் ஒழுங்காக இருந்தன. பிஜமால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தாள். எதிலாவது ஒரு எழுத்துப் பிசகாவது இருக்காதா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"சீக்கிரம் பாருங்க. ஐயாவுக்கு நேரமாகுது," என்றான் மெயிராம்.

அவன் அவளை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவள் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தாள். வெளியே போய்க் கம்பத்தைத் தூக்கினாள். ஜீப் கடக்கும்போது பின்சீட்டு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. "நன்றி அக்கா. இந்தத் தடவ எல்லாம் சரியாத்தான இருக்கு?" என்றான் கைசார். சரியாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். வேறென்ன சொல்ல முடியும்.

நான் வீட்டுக்குப் போகவில்லை, அவளோடே இருந்தேன். நான்கு மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே வந்தார்கள். ஓர் ஆண் மான், முழுக் கொம்பு, பின்காலில் சீல். மெயிராம் டிக்கியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றான். அவன் கை முழங்கை வரை ரத்தமாக இருந்தது. அவள் சீல் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு, டிக்கியை அவளே மூடினாள். "நாளைக்கும் வருவோம் அக்கா, சேவல் சுட," என்றான் கைசார். "உங்க தம்பி நல்லா ஓட்டுறான். பாதையெல்லாம் தெரிஞ்சவன். இனிமே என்கூடத்தான்."

ஜீப் வளைவில் மறையும் வரை பிஜமால் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து நோட்டில் வெளியேறிய நேரத்தை எழுதினாள். எனக்கு டீ ஊற்றினாள். அவளுக்கு ஊற்றிக்கொள்ள மறந்துவிட்டாள். பருவம் முடிய இன்னும் முப்பத்தொன்பது நாள் இருந்தது.