கோடு விழாத குடுவை

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கோடு’. வேதிப் பொறியியல் துறையில் மாற்று எரிபொருள் பாடம் நடத்தினார். பொரித்து மிஞ்சிய எண்ணெயை டீசலாக மாற்றும்போது குடுவையில் இரண்டாகப் பிரியும்: மேலே பொன்னிற எரிபொருள், கீழே கறுத்த கிளிசரின், நடுவே மெல்லிய கோடு. "கோடு விழுந்தாத்தான்யா பாஸ்" என்பார், பிரசவ அறை வாசலில் நிற்பவர்போல.

அது விருப்பப் பாடம். ஆனால் விரும்ப ஆளில்லை. நானே நேர அட்டவணை வசதிக்குச் சேர்ந்தவன். ஆசைப்பட்டுச் சேர்ந்தவள் வகுப்பில் ஒருத்திதான்.

ஒருநாள் துறைத்தலைவர் சொல்லிவிட்டார்: "நாளைக்கு வந்து பார்க்கிறேன். உருப்படியா இருந்தா பாடம் இருக்கும். இல்லைன்னா மூடிடலாம்."

அன்று மாலையே ‘கோடு’ சார் எண்ணெயைக் காய்ச்சி ஈரத்தை விரட்டிவிட்டார். ஈரம் இருந்தால், டீசலாக்கச் சேர்க்கும் காஸ்டிக் சோடா எண்ணெயைச் சோப்பாக்கிவிடும். எண்ணெய் ஆறியதும் கேனில் ஊற்றி வைக்கும்படி, ஆசைப்பட்டுச் சேர்ந்த அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் துறைத்தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, சார் எண்ணெயில் சோடாவைக் கலந்து, கலக்கி, குடுவையை நிறுத்தினார். குனிந்து பார்த்தபடியே இருந்தார். கோடு விழவில்லை. குடுவை முழுக்க வெளுத்துக் கொழகொழத்தது.

"என்னங்க இது, தயிரா?" என்றார் துறைத்தலைவர்.

"சார், துண்டு எடுத்துட்டு வரேன், குளிச்சிடலாம்" என்றது பின்வரிசை. சிரிப்பு அடங்க நேரமானது.

அவள் அவர் பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள்: "கேன் பிசுக்கா இருந்துச்சு சார். பெரியவங்க வர்றாங்களேன்னு நல்லா கழுவிட்டு ஊத்தினேன்."

"துடைச்சியாம்மா?"

அவள் கேனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் நிமிர்ந்தார். "எண்ணெயை நான் சரியா காய்ச்சலைங்க. என் தப்பு."

"இல்ல சார், நான்தான்..."

"நீ போய் அடுப்பை அணைம்மா."

அடுப்பு அணைந்துதான் இருந்தது. அவள் போய் அதன் முன்னால் நின்றாள்.

"சரி, இதோட விட்டுடலாம். அடுத்த பருவம் பெட்ரோலியம் எடுங்க" என்று துறைத்தலைவர் எழுந்தார்.

வராந்தாவில் சாருக்கு மனைவியின் போன் வந்தது. "இல்லடி... விழல. சாப்பிடுறேன், வை." அவர் சாப்பிடவில்லை. குடுவையைக் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தச் சோப்பு நன்றாகவே நுரைத்தது.

இப்போது அவருடைய பெட்ரோலிய வகுப்பில் இடம் கிடைப்பதில்லை. அவளும் அங்கேதான், கடைசி வரிசையில். அவர் கரும்பலகையில் கச்சா எண்ணெயைப் பிரிக்கும் கோபுரத்தை வரைந்து, உள்ளே அடுக்கடுக்கான தட்டுகளுக்குக் கோடு கோடாகப் போடுகிறார். யாரும் சிரிப்பதில்லை. குனிந்து எழுதிக்கொள்கிறார்கள்.