எந்தக் குழியில்?

சிட்ஸல் பிறந்ததும் அந்த வீட்டில்தான், வாழ்க்கைப்பட்டதும் அந்த வீட்டில்தான். வடக்குக் குளிர்ச்சீமையான யூட்லாந்தின் நடுவே, சதுப்பை ஒட்டி, வைக்கோல் வேய்ந்த தாழ்ந்த கூரை. எட்டு மாடு, நாலு பன்றி, ஒரு துண்டு கம்பு வயல், சதுப்பில் கரிமண் வெட்டிக்கொள்ள ஒரு பங்கு. குளிர்காலம் முழுக்க அடுப்பு எரிவது அந்தக் கரிமண்ணால்தான். மே மாதம் வெட்டி, செங்கல் மாதிரி அறுத்து, கோடையில் காயவைத்து அடுக்கிவிட்டால் அடுத்த மே வரை கவலையில்லை.

அம்மா காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஆறு வயது. அப்பா இருந்தார், இருந்தும் பிரயோஜனமில்லை. காலையிலேயே சாராயம், மத்தியானம் தூக்கம். அவளை வளர்த்தது அண்ணன் விஸ்டிதான். அவனுக்கே அப்போது பதினைந்து வயது. கோணல்மாணலாகச் சடை பின்னிவிடுவான். மரச் செருப்புக்குள் வைக்கோல் திணித்துக் காலில் மாட்டிவிடுவான். தேவாலயத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போவான். விழுந்துவிடாமலிருக்க அவள் அவனுடைய ரெண்டு காதையும் பிடித்துக்கொள்வாள். "காது பிஞ்சு கையோட வந்துரும்டி, மெதுவா," என்பான்.

அப்பா செத்த பிறகு பண்ணை விஸ்டி கைக்கு வந்தது. வேலைக்கு ஆள் வைத்தான். அப்படி வந்தவன்தான் லவுரிட்ஸ். வாயே திறக்காத கல்லுளிமங்கன், ஆனால் ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்ப்பான். சிட்ஸலுக்கு இருபத்திநாலு வயதானபோது அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். அவளுக்கும் இஷ்டம்தான். விஸ்டி சாப்பாட்டு மேசையைத் தட்டினான். "கொட்டாயில படுத்துக் கிடக்கிறவனுக்கு என் தங்கச்சியா? நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, நவம்பரில் ஒரு சாயங்காலம் விஸ்டி பக்கத்து ஊருக்குச் சீட்டாடப் போனான். சதுப்பு ஓரமாகத்தான் பாதை. போனவன் போனவன்தான். சீட்டாடக் காத்திருந்தவர்களும் அவனைப் பார்க்கவில்லை. கப்பலேறி அமெரிக்கா போய்விட்டான் என்று பாதி ஊர் சொன்னது. மீதி ஊர் லவுரிட்ஸைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. போலீஸ்காரர் வந்து விசாரித்தார். மாடு கன்று ஈனுகிற நேரம், ராத்திரி முழுக்கக் கொட்டகையில்தான் இருந்தேன் என்றான் லவுரிட்ஸ். சிட்ஸலும் சாட்சி சொன்னாள்: "ஆமா, கொட்டாயில விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நான் பாத்தேன்."

அவள் பார்த்தது விளக்கை. அதை அன்றைக்கு அவளும் யோசிக்கவில்லை, போலீஸ்காரரும் யோசிக்கவில்லை.

மறு வருஷம் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் பிறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பால்கஞ்சி வைக்கும்போது விஸ்டிக்கும் ஒரு தட்டு வைப்பாள். லவுரிட்ஸ் அதைப் பார்க்காத மாதிரி இருப்பான். நல்லவன்தான். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டால் பால் கறக்க அவனே போவான். இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்றால், சொல்லாமல் விட்டால் அவனுக்குச் செய்கிற அநியாயமாகிவிடும்.

ஒரே ஒரு பிடிவாதம் உண்டு அவனுக்கு. அவர்களுடைய சதுப்புப் பங்கில் ஒரு மூலையில் வெள்ளைப்பட்டை மரங்கள் மூன்று நிற்கும். அந்த மூலையை மட்டும் வெட்ட மாட்டான். "மண்ணு மட்டம், எரியாது," என்பான். யுத்த காலத்தில் நிலக்கரி வராமல், ஊரே வரப்பைக்கூட விடாமல் வெட்டித் தீர்த்தது. அப்போதும் அந்த மூலை அப்படியே கிடந்தது.

நாற்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம். ஒரு காலை ஏழு மணிக்குப் பக்கத்துப் பண்ணை யெப்பே மூச்சிரைக்க வாசலுக்கு வந்தான். ஊரில் எது நடந்தாலும் முதலில் சொல்லவில்லை என்றால் அவனுக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"சதுப்புல ஆள் கிடக்கான். மண்வெட்டில முட்டி தட்டுப்பட்டுச்சு. கழுத்துல கயிறு."

"யாரு?" என்றாள் சிட்ஸல். கையிலிருந்த பால் வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

லவுரிட்ஸ் படியில் உட்கார்ந்து மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவனும் கேட்டான்: "எந்தக் குழியில?"

"என் குழிதான்ப்பா, கிழக்கால."

லவுரிட்ஸ் குனிந்து விட்ட இடத்திலிருந்து தீட்டத் தொடங்கினான்.

சிட்ஸல் அதைப் பார்த்தாள். ஆனால் மனசு ஏற்கெனவே சதுப்புக்கு ஓடிவிட்டது. மேல்துணியில் கை துடைக்கக்கூட நேரமில்லாமல் யெப்பே பின்னால் ஓடினாள்.

ஆள் உயரத்துக்கும் கீழே, கறுத்த மண்ணில், ஒருக்களித்துப் படுத்திருந்தான். முழங்கால் மடங்கியிருந்தது. உடம்பில் துணியில்லை, இடுப்பில் ஒரு தோல் வார் மட்டும். கழுத்தில் முறுக்கிய தோல் கயிறு. உடம்புத் தோல் பழைய செருப்பு மாதிரி கறுத்துப்போயிருந்தது. ஆனால் முகம் இருந்ததே! நெற்றிச் சுருக்கம் இருந்தது, மோவாயில் ரெண்டு நாள் மயிர் இருந்தது, உதட்டின் வெடிப்புகூட இருந்தது. நேற்றுச் செத்தவன்கூட இப்படி இருக்க மாட்டான். ஊருக்கு வேறென்ன வேண்டும்? யோசிக்கவே இல்லை. "விஸ்டிதான்," என்றார்கள். கழுத்தில் கயிறு வேறு. எல்லார் கண்ணும் லவுரிட்ஸ் வருகிற பாதையில்.

செய்தி கேட்டு வந்த போலீஸ்காரர் சிட்ஸலைக் குழிக்குள் இறக்கினார். "அண்ணன்தானாம்மா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவள் மண்டியிட்டுப் பார்த்தாள். இந்தக் காதையா பிடித்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனோம்? இந்த மூக்கா? அவளுக்கு விஸ்டியின் முகம் மறந்துபோயிருந்தது. பத்தொன்பது வருஷமாகத் தட்டு வைத்துக் காத்திருந்தவனின் முகம் ஞாபகமில்லை. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

"தெரியல," என்றாள்.

"புருஷனைக் காப்பாத்துறா," என்று மேலே நின்ற ஒருத்தி சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. சிட்ஸல் தன் மேல்துணியை அவிழ்த்து அம்மணமாகக் கிடந்தவன் மேல் போர்த்திவிட்டு ஏறினாள்.

லவுரிட்ஸ் குழியின் ஓரத்தில் நின்றிருந்தான். எப்போதும் இல்லாத திருநாளாக அவன்தான் முதலில் பேசினான். "ஐயா, மேல இருக்கிற மண்ணைப் பாருங்க. வரி வரியா, கலையாம இருக்கு. எவனாவது தோண்டிப் புதைச்சிருந்தா வரி கலைஞ்சிருக்கும். ஆளைப் போட்ட பிறகுதான் இவ்வளவு மண்ணும் வளர்ந்திருக்கு. அதுக்கு நூத்துக்கணக்கா வருஷம் வேணும். இவன் விஸ்டி இல்ல."

சதுப்பு வெட்டுகிற எவனுக்கும் தெரிகிற விஷயம்தான். யெப்பேகூடத் தலையை ஆட்டினான். ஆனால் போலீஸ்காரர் பட்டணத்துக்காரர், அவருக்கு வரியும் தெரியாது மண்ணும் தெரியாது. லவுரிட்ஸைக் கூட்டிக்கொண்டு போய் நாலு நாள் வைத்திருந்தார். உடம்பைப் பெட்டியில் மண்ணோடு சேர்த்து வைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள்.

அந்த நாலு நாளும் சிட்ஸல் தனியாக மாடுகளோடு கிடந்தாள். பால் கறக்கும்போது மாட்டின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, குழியில் கிடந்தவன் விஸ்டியாக இருக்கக் கூடாது ஆண்டவரே என்று வேண்டினாள். இருந்துவிட்டால் பதினெட்டு வருஷம் யாரோடு படுத்தெழுந்தோம் என்று ஆகிவிடும். அடுத்த மாட்டுக்குப் போகும்போது, விஸ்டியாகவே இருக்கட்டும், புதைக்கவாவது ஒரு உடம்பு கிடைக்கட்டும் என்று தோன்றும். எதை வேண்டுவது என்று தெரியாமல் ரெண்டையும் வேண்டினாள்.

ஐந்தாம் நாள் லவுரிட்ஸ் நடந்தே வீடு வந்தான். அவன் சொன்னதைத்தான் அருங்காட்சியகத்தாரும் சொன்னார்களாம். கிடைத்தவன் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ஆள். ஊர் வெட்கப்பட்டது. யெப்பே ஒரு போத்தல் சாராயத்தோடு வந்து நின்றான். "மனசுல வச்சுக்காதப்பா. எங்க எல்லாருக்குமே புத்தி கெட்டுப்போச்சு." லவுரிட்ஸ் வாங்கி வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை. சிட்ஸல் அன்றைக்கு அவனுக்குப் பன்றிக்கறி வறுத்துப்போட்டாள். சந்தேகப்பட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்தது.

ஜூன் கடைசியில் அருங்காட்சியகத்திலிருந்து அஸ்முசன் என்பவர் ஊர்க்கூடத்துக்கு வந்தார். ஒல்லியான மனுஷர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். உங்கள் சதுப்பில் கிடைத்தவனைப் பற்றி முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்றார். கூடம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் லவுரிட்ஸையும் சிட்ஸலையும் ஊரே கூப்பிட்டு உட்காரவைத்தது.

செத்தவன் வயிற்றில் கடைசியாகக் குடித்த கஞ்சி அப்படியே இருந்ததாம். வாற்கோதுமை, ஆளிவிதை, அதோடு இருபது வகைக் களை விதை. அவர் பெயர் பெயராகச் சொல்லச் சொல்ல சிட்ஸலுக்கு எல்லாம் தெரிந்த செடியாக இருந்தது. "ஐயையோ, நான் பிடுங்கிப் பன்னிக்குப் போடுறதையில்ல குடிச்சிருக்கான்," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். பழமோ கீரையோ ஒன்றும் இல்லை, அதனால் குளிர்கால முடிவில், பானை காலியாகிற நேரத்தில் செத்திருக்கிறான். குடலில் புழு இருந்தது. ஒரு கடைவாய்ப் பல் சொத்தை, செத்த அன்றைக்கும் வலித்திருக்கும். உள்ளங்கை மிருதுவாக இருந்தது, மண் வெட்டுகிற கை இல்லை.

"உங்க கை மாதிரியோ ஐயா?" என்றான் யெப்பே. கூடம் சிரித்தது. அஸ்முசனும் சிரித்தார்.

"சாமிக்குக் கொடுத்தாங்களா, தண்டனையா, தெரியாது," என்றார் பிறகு. "கயித்துல தொங்கவிட்டிருக்காங்க. ஆனா அப்புறம் இறக்கியிருக்காங்க. கண்ணை மூடிவிட்டு, வாயைச் சேர்த்து வச்சு, காலை மடக்கி, தூங்குற பிள்ளையைக் கிடத்துற மாதிரி கிடத்தியிருக்காங்க. கொன்னவங்கதான் அதையும் செஞ்சிருக்கணும்."

சிட்ஸல் எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். "ஐயா, பத்தொன்பது வருஷம் மட்டும் கிடந்தா எப்படி இருக்கும்?"

அவருக்கு ஊர்க்கதை தெரியாது, பாவம். "பத்தொன்பது வருஷமெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. கொஞ்சம் கறுத்திருப்பார். முகத்தைப் பாத்ததும் பேரைச் சொல்லிடலாம்."

சிட்ஸல் உட்கார்ந்தாள். பக்கத்தில் லவுரிட்ஸின் ரெண்டு கையும் முழங்காலை இறுகப் பிடித்திருந்தன. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் மண்வெட்டி தீட்டுகிற சத்தம் அவளுக்குள் கேட்டது. ஆள் கிடக்கிறான் என்றால் மனுஷன் யார் என்றுதானே கேட்பான். அவளும் அதைத்தானே கேட்டாள்.

திரும்பும்போது மணி எட்டிருக்கும். அந்தச் சீமையில் ஜூன் மாதமானதால் வெயில் இன்னும் சதுப்பின் மேல் கிடந்தது. பாதை அவர்களுடைய பங்கைத் தொட்டுக்கொண்டு போகிறது. வெள்ளைப்பட்டை மரங்களுக்கு நேராக வந்ததும் அவள் நின்றாள்.

"அன்னிக்கு யெப்பே வந்து சொன்னப்ப நான் யாருன்னு கேட்டேன். நீ என்ன கேட்ட?"

"ஞாபகமில்ல."

"எந்தக் குழியிலன்னு கேட்ட."

"பதட்டத்துல மனுஷன் எதையாவது கேப்பான். வா, மாடு கத்தும்."

"கிழக்கால குழின்னு அவன் சொன்னதும் குனிஞ்சு தீட்ட ஆரம்பிச்ச. உனக்குப் பதட்டமே இல்ல, லவுரிட்ஸ்."

அவன் மரங்களைப் பார்க்காமல் பாதையைப் பார்த்தான். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவன் பழையபடி கல்லாகியிருப்பான். பால் கணக்கு கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"விஸ்டி போன அன்னிக்குக் கொட்டாயில விளக்குதான் இருந்துச்சு. நீ இல்ல. நான்தான் உனக்காகச் சாட்சி சொன்னேன். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், எனக்குப் பொய் சொல்லாத. கண்ணையாவது மூடிவிட்டியா?"

லவுரிட்ஸ் தொப்பியைக் கழற்றினான். அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே திருப்பிக்கொண்டிருந்தான்.

"இருட்டா இருந்துச்சு, சிட்ஸல்," என்றான். "முகம் எந்தப் பக்கம்னே தெரியல."

அவள் வீட்டுக்குப் போனாள். மாடுகள் கத்தின, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தீட்டி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து, நின்ற இடத்திலேயே நின்றிருந்தவன் கையில் கொடுத்தாள். மூன்று மரங்களுக்கு நடுவே கைகாட்டிவிட்டு, மேல்துணியை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். வெளிச்சம் இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்.