நூய் பிளக்க விடாத படகு

நூய் எங்கள் கூட்டத்துப் பெண். எங்களைப் போலவே படகில் பிறந்தவள், படகிலேயே குடித்தனம் நடத்தியவள். மழைக்காலத்துக்கு மட்டும் ஏதாவதொரு தீவில் குடிசை போடுவோம். அவள் புருஷன் ஜிபுங் கடல் அட்டைக்கு மூழ்குவதில் கெட்டிக்காரன். அதைக் கேள்விப்பட்டுத்தான் பர்மாக்கார முதலாளி அவனைத் தேடி வந்தான்.

முதலாளியின் லாஞ்சில் கம்ப்ரசர் இருந்தது. அது காற்றை அனுப்பும் குழாயை வாயில் கவ்விக்கொண்டால் ஆழத்தில் வெகுநேரம் கிடக்கலாம். ஒருநாள் ஜிபுங் அடியில் இருந்தபோது மேலே இருந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை.

"மெஷினை அணைங்கடா. எப்படித் துள்ளிக்கிட்டு வர்றான்னு பாப்போம்" என்றான் முதலாளி.

துள்ளிக்கொண்டுதான் வந்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூச்சிரைக்க ஜிபுங்கும் சிரித்தான். சோறு தின்றுவிட்டு எழப் பார்த்தான், கால்கள் எழவில்லை. ஆழத்திலிருந்து அப்படி ஒரேயடியாக மேலே வந்தால் கால் விழுந்துபோகும். ஒரு மூட்டை அரிசியோடு அவனை மணலில் கிடத்திவிட்டு லாஞ்ச் போய்விட்டது.

துடுப்பு, ஈட்டி, அடுப்பு, கைக்குழந்தை, அவன் மலமூத்திரம் அள்ளுவது எல்லாம் நூயின் தலையில் விழுந்தன. அவனுக்குக் கைகள் மட்டும் நன்றாக இருந்தன. "கால் இருக்கிற திமிருடி உனக்கு" என்று துடுப்பால் அவள் முழங்காலிலேயே அடிப்பான். பக்கத்துப் படகுகளில் நாங்கள் கேட்டுக்கொண்டு படுத்திருப்போம்.

படுக்கைப் புண்ணில் புழு வைத்துச் செத்தான்.

படகுக்காரன் செத்தால் படகை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் அவனைக் கிடத்தி மறுபாதியால் மூடுவது எங்கள் வழக்கம். நூயின் அண்ணன் தபிங் கோடரியோடு வந்தான்.

"எறங்குடி. பாயை, சட்டியை எடுத்துக்க."

"இதைப் பொளந்துட்டா நானும் புள்ளையும் எங்கண்ணே இருப்போம்?"

"என் படகுல ஒரு மூலையில கெட. என் பொண்டாட்டிக்குக் கூடமாட ஒத்தாசையா இரு."

"உன் பொண்டாட்டி கையாலயும் அடி வாங்கணுமா?"

"அவன் ஆவி வந்து படகைக் கேக்கும்டி!"

"வரட்டும். உசுரோட இருந்தவன் அடிக்காததையா செத்தவன் அடிச்சிருவான்?"

தபிங் கோடரியை ஓங்கினான். அவள் படகு விளிம்பில் கையை வைத்தாள். எடுத்துவிடுவாள் என்று நினைத்திருப்பான். எடுக்கவில்லை. இரண்டு விரல்கள் தண்ணீரில் விழுந்தன. அவன் கோடரியைப் போட்டுவிட்டு ஓடினான்.

ஜிபுங்கைத் தாழம்பாயில் சுற்றிப் புதைத்தோம். நூய் கையில் துணி சுற்றிக்கொண்டு, குழந்தையோடு படகைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அந்த மழைக்காலத்திலேயே குழந்தை காய்ச்சலில் போனது. "ஆவி கேட்டுச்சு, வாங்கிக்கிச்சு" என்றான் தபிங். எல்லோரும் தலையாட்டினார்கள். குழி தோண்டக்கூட யாரும் போகவில்லை; மூன்று விரல் கையால் அவளே தோண்டினாள்.

இப்போதும் தனியாகத்தான் ஓட்டுகிறாள். நாங்கள் தங்கும் தீவுக்கு நல்ல தண்ணீர் எடுக்க வருவாள். அவள் படகின் பாய்மரம் தெரிந்ததுமே தபிங் தன் படகை அவிழ்த்து அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டுவான். அவள் குடங்களை நிரப்பிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போவாள்.